மூக்கில் வைத்த பொட்டு

நெய்வேலிக்குக் கடல் கிடையாது. சொல்லிக்கொள்ள ஒரு ஆறும் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூருக்கு முப்பது மைல் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் கண்ணையன் தான் பார்க்கிற வேலையைச் சொன்னால் பெண் கொடுத்த வீட்டிலேயே சிரித்தார்கள். "மாப்ள போட்டு ஓட்டுறாராம். எங்க, முந்திரித் தோப்புலயா?" என்று பண்ருட்டிச் சந்தையில் நாலு பேர் முன்னால் மச்சினன் கேட்டே விட்டான்.

போட்டு, அதாவது படகு, இருந்தது. திறந்தவெளிச் சுரங்கத்தின் அடியில், ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் வந்து சேருகிற பெரிய குட்டை ஒன்று உண்டு. அதன் நடுவே இரும்பு மிதவையின் மேல் இரண்டு பம்புகள் இராப்பகலாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்த மிதவைக்கு ஆளையும் சாமானையும் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் போட்டு. தட்டையான இரும்பு போட்டு. பின்பக்கம் ஒரு டீசல் இன்ஜின், அதை ஒட்டிக் கியர் பெட்டி, அதிலிருந்து தண்ணீருக்குள் போகிற தண்டு. மற்ற மாசங்களில் அது கரையில் கட்டிக்கிடக்கும். யாரும் சீந்த மாட்டார்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அது இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது.

அதனால்தான் புரட்டாசியிலேயே அதற்குக் கியர் ஆயில் மாற்றிவிட வேண்டும் என்பது ஃபோர்மேன் ராஜாங்கத்தின் சட்டம். அறுபத்து மூன்றாம் வருஷம் அந்த வேலையைக் கண்ணையனும் கொளஞ்சிநாதனும் ஆயுத பூசைக்கு முதல் நாள் செய்தார்கள்.

இரண்டு பேரும் ஒரே ஊர். அந்த ஊர் இப்போது இல்லை. சுரங்கம் இருக்கிற இடத்தில்தான் அது இருந்தது. நிலம் வைத்திருந்தவர்களின் நிலம் போயிற்று. அவர்கள் நிலத்தில் கூலிக்கு நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்த இந்த இரண்டு குடும்பங்களுக்கும் போவதற்கென்று நிலமில்லை, வேலைதான் போயிற்று. கண்ணையன் எட்டாவது வரை படித்திருந்ததால் முந்திக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டான். இப்போது பர்மனென்ட். புரொபேஷன் மட்டும், அதாவது பரீட்சைக் காலம், தை மாசத்தோடு முடிகிறது. குழாயும் கரண்டு லைட்டும் உள்ள ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ் கிடைத்து நாலு மாசம் ஆகிறது. கொளஞ்சி அவனைவிட ஆறு வயசு இளையவன், கையெழுத்து மட்டும் போடுவான், இன்னும் கான்ட்ராக்ட் ஆள். ஆனால் பர்மனென்ட் ஆகப்போகிறவர்கள் லிஸ்டில் இந்தத் தடவை அவன் பெயர் இருந்தது. அதை அவனே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்து, ஒரு வாரம் சிரித்த வாயை மூடாமல் திரிந்தான்.

சுரங்கத்தில் யாரைப் பார்த்தாலும் "வாங்க, போங்க" என்பான் கொளஞ்சி. கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்த 'ங்க' கவசம் மாதிரி. கண்ணையனை மட்டும் "அண்ணே" என்று கூப்பிட்டு, நீ என்றுதான் பேசுவான். நடக்கப் பழகிய நாளிலிருந்து அப்படித்தான்.

அன்றைக்கு முதலில் இன்ஜினைக் கால்மணி நேரம் ஓட்டிச் சூடாக்கினார்கள். சூடு ஏறினால்தான் பழைய எண்ணெய் இளகி மொத்தமும் இறங்கும். கொளஞ்சி குனிந்து அடி போல்ட்டைக் கழற்றித் தகர டப்பாவில் பிடித்தான். வந்த எண்ணெய் கறுப்பாக இல்லை, பால் விட்ட டீத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"தண்ணி பூந்துகினு இருக்குதுண்ணே."

"பழைய சீலு. அதையும் மாத்திடுவோம்" என்றான் கண்ணையன்.

தண்டு நுழைகிற இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் பிடிக்கிற சீலைப் புதிதாகப் போட்டு, டீசல் விட்டு உள்ளே அலசி, அடி போல்ட்டுக்குப் புது செப்பு வாஷர் போட்டு முடுக்கி, கடைசியில் புது எண்ணெய் ஊற்றினார்கள். விளக்கெண்ணெய் போலக் கனத்த எண்ணெய். புனலில் இறங்கவே இறங்காது. கண்ணையன் புனலைப் பிடித்துக்கொண்டான், கொளஞ்சி டப்பாவைச் சாய்த்துக்கொண்டு நின்றான். நின்ற நேரத்தில் பொழுது போக, பர்மனென்ட் ஆனதும் சைக்கிள் வாங்குவதா, முதலில் கூரை மாற்றுவதா என்று இரண்டு பேரும் வழக்காடினார்கள். கண்ணையன் கூரை என்றான். கொளஞ்சி சைக்கிளை விடுவதாக இல்லை. அளவுக் குச்சியில் எண்ணெய் கோட்டுக்கு வந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள். செய்த வேலையைக் குறிக்கக் கம்பியில் தொங்கவிட்டிருந்த கார்டில் கொளஞ்சி தன் பெயரைப் பெரிசு பெரிசாகக் கையெழுத்துப் போட்டான். மேல் மூடியைப் போட்டு, அதன் நடுவே இருக்கிற மூக்கைக் கண்ணையன் தானே துடைத்து ஊதிவிட்டான்.

மூக்கு என்றால், கியர் பெட்டியின் தலையில் காளான் போல நிற்கிற சின்னப் பித்தளைக் குமிழ். அதைச் சுற்றிக் கடுகு கடுகாக ஓட்டைகள். பெட்டி சூடேறினால் உள்ளே காற்று உப்பும். அது வெளியே போக அதுதான் வழி. "இத அடச்சீங்கன்னா மூச்சு முட்டும். காத்து எண்ணெயத் தள்ளிக்கினு சீல் வழியா பிச்சிகினு போயிடும்" என்று ராஜாங்கம் வந்த புதிதில் சொல்லிக்கொடுத்தார். கண்ணையன் அதைக் கொளஞ்சிக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு அந்த ஒரு சாக்கும் கிடையாது.

மறுநாள் பூசை. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. கொளஞ்சி வடலூரில் மாமியார் வீட்டிலிருந்த கர்ப்பிணிப் பெண்டாட்டி கனகத்தைப் பார்க்கப் போய்விட்டான். சுரங்கத்தில் ஒவ்வொரு மெஷினுக்கும் அதனதன் ஆட்கள் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பொரிகடலை படைத்தார்கள். மண் தோண்டுகிற பெரிய மெஷின் கல்யாண வீடு மாதிரி நின்றது. அதன் பக்கத்தில் கண்ணையனின் போட்டு, சம்பந்தி வீட்டு ஏழை உறவுக்காரன் போல ஓரமாகக் கிடந்தது. அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தான். செவ்வந்தி மாலையை இன்ஜினுக்குப் போட்டான். பொட்டு வைக்க நெற்றி தேடினான். இன்ஜின் முழுக்கக் குழாயும் கம்பியும். நெற்றி என்று ஓரிடம் இல்லை. கியர் பெட்டியின் தலையில், பளபளவென்று துடைத்து வைத்த பித்தளைக் குமிழ்தான் எடுப்பாக இருந்தது.

கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான். பார்க்கப் பாந்தமாகத்தான் இருந்தது. பெரிய மெஷின்காரன் ஒருவன் எட்டிப் பார்த்து, "பரவாயில்லியே, உன் போட்டுக்கு மொகங்கூட வந்துடுச்சே" என்றான். கண்ணையனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கற்பூரம் அணைந்த பிறகு அவனுக்கு உறைக்காமல் இல்லை. இது மூக்காச்சே, துடைத்துவிட வேண்டுமே என்று வேஸ்ட் துணியைக் கையில் எடுக்கவும் செய்தான். ஆனால் பூசையன்று வைத்த பொட்டைப் பூசையன்றே அழிப்பதா? பொட்டை அழிப்பது என்றால் என்ன என்று தெரியாதவன் யார்? அவன் அம்மாவுக்கு அழித்ததை அவன் ஏழு வயசில் பக்கத்தில் நின்று பார்த்தவன். கை வரவில்லை. நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம் என்று துணியைக் கீழே போட்டான். மறுநாள் அவனைப் பம்ப் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு மறுநாளும் அங்கேயே. அடுத்த நாள் அவனுக்கு மறந்துபோயிற்று. சந்தனம் காய்ந்து சிமெண்டு மாதிரி ஆயிற்று.

ஐந்தாம் நாள் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை; காலையில் எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. குட்டையில் தண்ணீர் மளமளவென்று ஏறியது. மிதவைப் பம்பு ஒன்றில் செத்தையும் மண்ணும் அடைத்துக்கொண்டதால் ஆள், குழாய், பெல்ட்டு என்று போட்டு நிற்காமல் போய்வந்தது. கண்ணையன் ஓட்டினான். கொளஞ்சி, மழையில் ரொம்புகிற போட்டிலிருந்து தண்ணீரைத் தகர டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினான்.

பிற்பகல் இரண்டு மணி இருக்கும். "அண்ணே, இன்னிக்கு எண்ண ரொம்ப மெதக்குது. தண்ணியெல்லாம் கலர் கலரா போவுது" என்று கொளஞ்சி கத்தினான்.

"டீசல் சிந்தியிருக்கும். நீ மொள்ளு" என்றான் கண்ணையன். மழை மூஞ்சியில் அறைகிறபோது எண்ணெயை யார் பார்த்தார்கள்? கொளஞ்சி தான் ஊற்றிய எண்ணெயைத் தானே மொண்டு குட்டையில் கொட்டினான்.

மிதவைக்கு இன்னும் அறுபதடி தூரம் இருக்கையில், பின்னால் கல்லை அரைக்கிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் தண்டு இறுகி நின்றது. இன்ஜின் உறுமி ஒருதரம் குலுங்கி அணைந்தது. போட்டு காற்று தள்ளின பக்கமெல்லாம் போயிற்று. கரையிலிருந்து கயிறு வீசி அவர்களை இழுத்துச் சேர்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் மிதவையில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்பும் திணறி நின்று, தண்ணீர் ஏறி, பெரிய மெஷினின் காலடிக்கு வந்துவிட்டது. அதை அவசர அவசரமாகப் பின்னுக்கு நகர்த்தினார்கள். இரண்டு ஷிப்டு வேலை நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மட்டில் சாமி காப்பாற்றியது.

கரைக்கு வந்ததும் கொளஞ்சி இறங்கிக் கயிற்றைக் கட்டையில் சுற்றப் போனான். கண்ணையன் இன்ஜின் மூடியைத் தூக்கினான். கியர் பெட்டி கை வைக்க முடியாமல் கொதித்தது. அதன் தலையில், மழை படாத மூடிக்கடியில், அவன் வைத்த பொட்டு வைத்தபடியே இருந்தது. சந்தனம் ஓட்டைகளுக்குள்ளே இறங்கி இறுகி, சூட்டில் பழுப்பேறி, நடுவில் குங்குமத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

பூசையன்று வராத கை இப்போது வந்தது. நகத்தால் சுரண்டினான். உரியவில்லை. ஸ்குரூ டிரைவர் நுனியால் பெயர்த்தான், ஓட்டைகளைக் கம்பியால் குத்தினான், வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைத்தான். விரல் சுட்டுக் கொப்பளித்தது. ராஜாங்கமும் இன்ஜினியரும் குடையோடு சரிவில் இறங்கி வந்தபோது மூக்கு பளபளவென்று இருந்தது. கண்ணையன் சந்தனத் துணியைக் குட்டையில் எறிந்துவிட்டு எழுந்து நின்றான். இரண்டு நிமிஷ வேலை. மனுஷன் தன் யோக்கியதையைத் தொலைக்க அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை.

மறுநாள் ஷெட்டில் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பற்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. சீல் எரிந்து கரியாகிவிட்டது, அதனால் சீல் போனதால் எண்ணெய் போயிற்றா, எண்ணெய் இல்லாததால் சீல் எரிந்ததா என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இன்ஜினியர் மதராஸில் படித்துவிட்டு வந்த சின்ன வயசுக்காரர்; கெட்டவர் இல்லை, ஆனால் மேலே இருப்பவர்களுக்கு இரண்டு ஷிப்டுக்கும் அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும். கார்டை எடுத்துப் பார்த்தார்.

"கொளஞ்சிநாதன் யாரு? ஆயில் மாத்தினதா கையெழுத்துப் போட்டிருக்க. ஆயில் எங்கப்பா?"

"ஊத்துனேன் சார். கோடு வரைக்கும் ஊத்துனேன்."

"ஊத்தின ஆயில் எங்க போகும்? அஞ்சு நாள் கட்டிக்கிடந்த போட்டு. பழசை எறக்கிட்டு, புதுசை ஊத்த மறந்துட்டுக் கையெழுத்து மட்டும் போட்டுட்ட. அதானே?"

"போட்டுல எண்ண மெதந்துச்சுங்க சார். நானே மொண்டு ஊத்துனேங்க."

"போட்டுன்னா எண்ணெ மெதக்காதா?" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணையன் பக்கம் திரும்பினார். "நீ கூட இருந்தியா? இவன் ஊத்தினதை உன் கண்ணால பாத்தியா?"

ஒரு வார்த்தைதான். பார்த்தேன் என்றால் போதும். ஆனால் பார்த்தேன் என்றால், அப்புறம் எண்ணெய் எப்படிப் போயிற்று என்ற கேள்வி வரும். சீல் வழியாகப் போயிற்று என்றால், ஏன் போயிற்று என்று வரும். ராஜாங்கம் பக்கத்தில்தான் நின்றார். பழம் தின்று கொட்டை போட்ட மனுஷன். மூக்கு என்ற சொல் அவர் வாயில் வர இன்னும் இரண்டு கேள்விதான் பாக்கி. கண்ணையனுக்குக் குவார்ட்டர்ஸ் குழாய் ஞாபகம் வந்தது. தண்ணீருக்கு அலைந்தே வளர்ந்த பெண்டாட்டி செங்கமலம், அந்தக் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்த முதல் நாள் ஞாபகம் வந்தது. தை பிறக்க நாலு மாசம்கூட இல்லை.

"நான் அப்ப டூல் ரூமுக்குப் போயிருந்தேன் சார்" என்றான்.

கொளஞ்சி அவனைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கண்ணையன் எப்படியாவது தாங்கியிருப்பான். கோபம் இல்லை. கூட்டிய கணக்கு ஏன் உதைக்கிறது என்று முழிக்கிற பார்வை.

கொளஞ்சியை அன்றைக்கே வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். லிஸ்டிலிருந்து பெயரை அடிப்பதா இல்லையா என்பதை ஒரு வாரத்தில் முடிவு செய்வார்களாம்.

அந்த வாரம் கண்ணையன் சாப்பிட்டது அவனுக்கே தெரியாது. கட்டைவிரல் நகத்துக்கடியில் மஞ்சளாக ஒரு கீற்று ஒட்டிக்கொண்டிருந்தது. சோப்புப் போட்டான், மண்ணெண்ணெயில் தேய்த்தான், செங்கமலத்தின் ஊசியை வாங்கி நோண்டினான். ரத்தம்தான் வந்தது. "அப்பிடி என்னாதான் ஒட்டிக்கினு இருக்குது?" என்று அவள் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "ஒண்ணுமில்லியே" என்றாள். அவளுக்குத் தெரியவில்லை. அவன் கண்ணுக்கு அது தெரிந்துகொண்டே இருந்தது.

பொய் சொன்னதற்கு அவன் தனக்குத் தானே நியாயம் சொல்லிப் பார்த்தான். கொளஞ்சிக்குக் கான்ட்ராக்ட் வேலை எங்கேயும் கிடைக்கும். எனக்குப் போனால் போனதுதான். புரொபேஷனில் இருப்பவன் மேல்தான் முதலில் கை வைப்பார்கள். அடுத்த லிஸ்டில் கொளஞ்சிக்கு வந்துவிடும், அதற்கு நானே ராஜாங்கத்திடம் சொல்லுவேன். ஒவ்வொன்றும் சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும், டப்பாவைச் சாய்த்துக்கொண்டு சைக்கிளைப் பற்றிப் பேசுகிற கொளஞ்சியின் முகம் வந்து நிற்கும். கண்ணையனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொளஞ்சி குவார்ட்டர்ஸுக்கு வந்தான்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, எப்போதும் போல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். செங்கமலம் டீ கொண்டுவந்து வைத்தாள். கையில் நாலாக மடித்த வெள்ளைத் தாள் வைத்திருந்தான், கூடவே ஒரு இங்க் பேனா. பேனா இரவல் என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஒரு மனு எழுதணும்ண்ணே. எனக்கு யாரு இருக்கா, நீதான் எழுதித் தரணும்."

"என்னா மனு?"

"ராஜாங்கம் ஐயா சொன்னாரு. தப்ப ஒத்துக்கினு, மன்னிச்சிடுங்கன்னு எழுதிக் குடுத்தா, இன்ஜினியர் சாரு மனசு எறங்குவாராம். பேர அடிக்காம அடுத்த வருசத்துக்குத் தள்ளி வப்பாராம். இல்லன்னா ஒரேயடியா அடிச்சிடுவாங்களாம்."

"எந்தத் தப்ப?"

"ஆயில் ஊத்தாம கையெழுத்துப் போட்டத."

கண்ணையன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "நீதான் ஊத்துனேன்னு சொன்னியே."

"சொன்னேன்." கொளஞ்சி தலையைச் சொறிந்தான். "ஊத்துனேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். நீ புனல் புடிச்சிகினு இருந்த, நான் டப்பாவ சாச்சிகினு இருந்தேன், சைக்கிள் பத்திப் பேசிகினு இருந்தோம்னு அப்பிடியே கண்ணுல நிக்குது. ஆனா நீ டூல் ரூமுக்குப் போயிருந்தேன்னு சொன்ன. நீ பொய்யா சொல்லப்போற? அப்புறம் ராவும் பகலும் யோசிச்சேன். அது அதுக்கு முந்தின நாளு கரைப் பம்புக்கு ஊத்துனோமே, அதுவா இருக்கும். போட்டுக்கு நீ இல்லாத நேரத்துல எறக்கிட்டு, போல்ட்டுப் போட்டுட்டு, அப்பிடியே மறந்து கையெழுத்துப் போட்டிருக்கேன். வேற எப்பிடி?"

கண்ணையன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"இதுல என்னா பயம்னா," கொளஞ்சியின் குரல் இறங்கியது, "அன்னிக்கு அந்தத் தண்ணியில போட்டு கவுந்திருந்தா உன்னையும் நானே கொன்னிருப்பேன். கனகத்துக்கிட்ட சொல்லி அழுதேன். என் கையி செஞ்சது எனக்கே தெரியலியே, இனிமே எத நம்பி ஒரு போல்ட்ட முடுக்குவேன்? அதுதாண்ணே. பர்மனென்டு போனாக்கூடப் போவுது."

குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செங்கமலத்தின் கை ஓயவில்லை.  வேலையைப் பறித்தோம் என்று மட்டும்தான் கண்ணையன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். இவன் தன் கையையே நம்பாமல் போகும்படி செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இருந்தாலும் தாளை வாங்கினான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வாங்கி, பலகைமேல் வைத்து நீவி, பேனாவைத் திறந்து எழுதினான். அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த பிளாக்கில் பாதிப் பேருக்கு மனு எழுதுகிறவன் அவன்தான்.

'மேன்மை தங்கிய இன்ஜினியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, கான்ட்ராக்ட் தொழிலாளி கொளஞ்சிநாதன் மிகப் பணிவுடன் எழுதிக்கொண்ட மனு. ஐயா, சென்ற புரட்டாசி மாதம் ஆயுத பூசைக்கு முதல் நாள் போட்டின் கியர் பெட்டிக்கு நான் எண்ணெய்…'

அங்கே பேனா நின்றது. கொளஞ்சி தாளை எட்டிப் பார்த்தான். "ஊத்த மறந்துட்டேன்னு எழுதுண்ணே. அவ்ளோதானே?" என்றான், எழுத்து தெரியாத அண்ணனுக்குச் சொல்லிக்கொடுப்பவன் மாதிரி.

மை ஊறி அந்த இடத்தில் பொட்டாகப் பரவியது. கண்ணையன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வட்டமாக, கட்டைவிரல் அகலத்துக்குப் பரவி நின்றது.

"கொட்டிடுச்சு. வேற தாள் இருக்குதா?"

"இன்னொண்ணு இருக்குது. வீணாக்கிடாத."

இரண்டாவது தாளில் அவன் தலையைத் தூக்காமல் எழுதினான். நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேர்வை என்று கொளஞ்சி நினைத்திருக்கலாம். எழுதி முடித்து, கடைசியில் கையெழுத்தும் போட்டான். கொளஞ்சி, "நான்தான கையெழுத்துப் போடணும்?" என்றான்.

"படிக்கிறேன் கேளு" என்றான் கண்ணையன். 

"மேன்மை தங்கிய இன்ஜினியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, பர்மனென்ட் தொழிலாளி கண்ணையன் எழுதிக்கொண்ட மனு. ஐயா, ஆயுத பூசைக்கு முதல் நாள் போட்டின் கியர் பெட்டிக்குக் கொளஞ்சிநாதன் கோடு வரையில் எண்ணெய் ஊற்றினான். நான் புனல் பிடித்தேன். டூல் ரூமுக்குப் போயிருந்ததாக நான் சொன்னது பொய். பூசையன்று மூச்சு ஓட்டையின் மேல் சந்தனப் பொட்டு வைத்து அடைத்தவன் நான். அதனால்தான் எண்ணெய் சீல் வழியாகப் போயிற்று. போட்டு நின்ற பிறகு அதைச் சுரண்டி எடுத்ததும் நான். ஃபோர்மேன் ஐயா மூக்கைக் கழற்றிப் பார்த்தால் உள் ஓட்டையில் இன்னும் சந்தனம் இருக்கும். கொளஞ்சிநாதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இப்படிக்கு, கண்ணையன்."

குழாயடியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. செங்கமலம் ஈரக் கையோடு நிலைப்படியில் வந்து நின்றாள்.  புருஷனின் கட்டைவிரலைப் பார்த்தாள்.

கொளஞ்சி டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "அந்த எடத்த இன்னொரு வாட்டி படி" என்றான்.

"எந்த எடம்?"

"நான் ஊத்துனது."

கண்ணையன் படித்தான். "கொளஞ்சிநாதன் கோடு வரையில் எண்ணெய் ஊற்றினான். நான் புனல் பிடித்தேன்."

"அப்ப நான் ஊத்துனேன்" என்றான் கொளஞ்சி. தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் ஊத்துனேன். சைக்கிள் பேசிகினு இருந்தோம். நெசந்தான்." சொல்லச் சொல்ல அவன் முகம் உடைந்து, குலுங்கிக் குலுங்கி அழுதான். ஒரு வாரமாகத் தன் தலையில் சுமந்துகொண்டிருந்ததை இறக்கிவைத்த அழுகை அது. அழட்டும் என்று கண்ணையன் விட்டுவிட்டான். தொட்டு ஆறுதல் சொல்ல அவனுக்கு முகம் இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு, கண்ணையன் தாளை மடித்து அவன் பக்கம் நகர்த்தினான். "இத நீயே வச்சிக்கோ. காலையில எனக்குப் பயம் வந்தாலும் வரும். வராம இருந்துட்டேன்னா, நீயே கொண்டுபோயி குடுத்துடு."

கொளஞ்சி வாங்கிக்கொண்டான். சட்டைப் பையில் வைத்து, பையை ஒருதரம் மேலாகத் தொட்டுப் பார்த்தான். டீ ஆறிப் படலம் கட்டியிருந்தது, அதைக் குடிக்கவில்லை. எழுந்து போய் வாசலில் செருப்பை மாட்டினான். இரவல் பேனா ஞாபகம் வந்து திரும்பிக் கையை நீட்ட, கண்ணையன் மூடி போட்டுக் கொடுத்தான்.

அண்ணே என்று கூப்பிடப் போகிறான் என்றுதான் கண்ணையன் எதிர்பார்த்தான். திட்டினால்கூடப் பரவாயில்லை, அண்ணே என்று சொல்லித் திட்டட்டும் என்று இருந்தது.

"ஆபீசு எட்டு மணிக்குத் தெறப்பாங்க" என்றான் கொளஞ்சி. "நீங்க வந்துடுங்க."